பிரித்துக் கொடுத்ததையும் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள். இனி எதற்குப் பிரிக்க வேண்டும்?

கொட்டான் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.10

மண்டபத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் வரும் ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விடிந்ததும் பெரியப்பா வீட்டிலிருந்து ஆள் வரும்.

ஆறு மாதமாக வீட்டில் இரண்டு வாளி வைத்திருக்கிறோம். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். வாரத்தில் ஐந்து நாள் மீன் வாங்குகிற வீட்டில் இது லேசான வேலை அல்ல. செதிலும் செவுளும் குடலும் ஒரு பகல் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிடுவார். என் அம்மா, மீன் வந்த கவரிலேயே கழிவைப் போட்டு, முடிச்சும் போட்டு, நீல வாளியில் வைத்துவிடுவார். அதை எடுத்து, அவிழ்த்து, பச்சை வாளியில் கவிழ்த்து, கவரை அலசிச் சுற்றுச்சுவரில் காயப்போடுவது என் வேலை. "என்ன தம்பி, கவர் வியாபாரமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

போன புதன்கிழமை விடுப்பு. குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டிக்குப் பின்னாலேயே சைக்கிளில் போனேன். அய்யனார் கோயில் திருப்பம் வரை பச்சை டிரம் தனி, நீல டிரம் தனி. திருப்பத்தைத் தாண்டியதும் கண்மாய்க் கரை, சீமைக் கருவேலம் புதர். இரண்டு டிரம்மும் ஒரே குவியலில் கவிழ்ந்தன. சாயங்காலம் அங்கிருந்து புகை.

வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது: மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு. அந்த விதி என் வாசல் வரைக்கும் வந்தது, அய்யனார் கோயில் வரைக்கும் போனது, அதற்கு மேல் போகவில்லை. நான் இனியும் பிரிக்க வேண்டுமா? யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று, தங்கச்சிமடம்
ஞாயிறு, இரவு 9.48

வண்டி கொட்டுகிற இடத்தையாவது சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டீர்கள். கடல் கொட்டுகிற இடத்தை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது?

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் கரையில் ஒதுங்குகிறது. வாடை தொடங்கிவிட்டால் வடகடல் கரையில். பல் துலக்கும் பிரஷ், மருந்துக் குப்பி, தெர்மாகோல் துண்டு, செருப்பு. செருப்பு எப்போதும் ஒற்றைதான். அதன் ஜோடி எங்கே போகிறது என்பது எனக்கு நாள்பட்ட சந்தேகம். சில பாட்டில்களில் சிங்கள எழுத்து இருக்கும். நம் எழுத்துள்ள பாட்டில்களை மன்னாரில் ஒருவர் கையில் எடுத்து இதே போலத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேர்பேச்சு
ஞாயிறு, இரவு 10.15

பிரிக்காதீர்கள். இது என் நேர்மையான பதில்.

ஒரு ரூபாய்க்கு ஷாம்பு பாக்கெட் அடித்து ஊர் ஊராகத் தொங்கவிடுகிறவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. மீன் கழுவுகிற பெண்ணிடம் வந்து "பச்சையா, நீலமா" என்று கேட்கிறார்கள். 2019 ஜனவரி 1ஆம் தேதி தமிழகத்தில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. கைப்பையும் அதில் ஒன்று, எந்தத் தடிமனாக இருந்தாலும். கொட்டான் வீட்டு மீன் எதில் வருகிறது? அவரே எழுதியிருக்கிறார், கவரில். உற்பத்தி செய்கிறவனை விட்டுவிட்டு உபயோகிக்கிறவனைப் பிடிப்பது நம் ஊர் வழக்கம்.

பழைய_இரும்பு, கீழக்கரை
திங்கள், காலை 6.30

நான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். என் வாப்பா சைக்கிளில் போய் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவியவர். ஆகவே இது இரண்டு தலைமுறை சாப்பிட்ட தொழில். நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

கொட்டான் தம்பி, கண்மாய்க் கரைக் குவியலில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். பித்தளைக் குழாய் கிடக்கிறதா? அலுமினியப் பாத்திரம்? பீர் டின்? ஒன்றும் கிடக்காது. விலை உள்ள பொருளை யாரும் கண்மாயில் விட்டுவைக்க மாட்டார்கள். விடிவதற்குள் யாராவது பொறுக்கி என் கடைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கே கிடப்பதெல்லாம் நான் வாங்க மறுத்தவை.

நான் வாங்குவது: இரும்பு, அலுமினியம், செம்பு, அட்டை, புத்தகம், தண்ணீர் பாட்டில், வாளி குடம் போன்ற கட்டிப் பிளாஸ்டிக், பால் பாக்கெட் கவர். வாங்காதது: சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், பாக்குப் பொட்டலம், தெர்மாகோல், டயாப்பர். சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து உள்ளே பாருங்கள், வெள்ளியாக மின்னும். பிளாஸ்டிக்கின் மேல் உலோகப் பூச்சு, அதன் மேல் இன்னொரு பிளாஸ்டிக். ஒட்டியதைப் பிரிக்க ஆகும் செலவு, பிரித்து வருவதை விற்றால் கிடைக்காது. எடையும் இல்லை. ஒரு சாக்கு நிறைத்தாலும் தராசு அசையாது.

இன்னொரு விஷயம் யாருக்கும் தெரிவதில்லை. தண்ணீர் பாட்டிலும் அதன் மூடியும் ஒரே பிளாஸ்டிக் அல்ல. சந்தேகம் இருந்தால் இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். பாட்டில் துண்டு அடியில் போய்விடும், மூடித் துண்டு மிதக்கும். ஆலையில் அரைத்த பிறகு இரண்டையும் பிரிப்பதும் இதே தண்ணீர்த் தொட்டி முறையில்தான். மூடியைக் கழற்றிக் கொடுத்தால் பாட்டிலை மிதித்து நசுக்கலாம், ஒரு சாக்கில் இரண்டு பங்கு கொள்ளும். மூடி போட்ட பாட்டில் காற்றை அடைத்துக்கொண்டு வருகிறது. நான் வண்டி வாடகை கொடுத்துக் காற்றை ஏற்றிக்கொண்டு மதுரைக்கா போக முடியும்?

ஈரம்தான் எங்களுக்குப் பெரிய எதிரி. மீன் தண்ணீர் பட்ட அட்டையை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். ஆகவே தம்பி, பிரிப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் யாருக்காகப் பிரிக்கிறீர்கள் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். வண்டிக்காகப் பிரித்தால் மனம் விட்டுப்போகும். வாங்குகிறவனுக்காகப் பிரியுங்கள்.

காவலர் மகள்
திங்கள், காலை 11.05

கொட்டான் அண்ணா, நீங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லாவிட்டாலும் அய்யனார் கோயில் திருப்பம் என்று எழுதியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வண்டியில் போகும் தூய்மைக் காவலர் என் அம்மா. சைக்கிளில் ஒருவர் பின்னாலேயே வந்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டார் என்று அன்றைக்கே சொன்னார். நின்று கேட்டிருக்கலாமே?

உங்கள் தெருவில் நாற்பது வீடு. பிரித்துக் கொடுப்பது மூன்று வீடு. மூன்று வீட்டு நீல வாளிக்கு மேல் முப்பத்தேழு வீட்டு மீன் தண்ணீர் ஊற்றிய பிறகு அதற்குப் பெயர் நீல வாளி இல்லை. தரம் பிரிக்கும் கொட்டகை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அங்கே கொண்டுபோய்த்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். சேர்ந்தது சேர்ந்தபடி கொட்டகை நிரம்பிவிட்டது. அதன் பிறகுதான் கண்மாய்க் கரை. நெருப்பு வைப்பது அம்மா இல்லை. நாற்றம் பொறுக்காமல் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களே வைக்கிறார்கள்.

கையுறை கொடுத்திருக்கிறார்கள். ஆண்கள் அளவு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டுங்கள் பார்ப்போம். எல்லாரும் கவரை இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். உள்ளே மீன் குடலா, குழந்தையின் டயாப்பரா, உடைந்த பல்பா என்று அவிழ்க்கும் வரை தெரியாது. கையுறையைக் கழற்றித்தான் அவிழ்க்க வேண்டும். போன மாதம் சவரப் பிளேடு. உப்புத் தண்ணீரும் மீன் தண்ணீரும் படுகிற கையில் வெட்டுக்காயம் எத்தனை நாளில் ஆறும் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

எனக்கு விதியும் வேண்டாம், விருதும் வேண்டாம். முடிச்சுப் போடாதீர்கள். பிளேடையும் ஊசியையும் ஒரு டப்பாவில் போட்டுத் தனியாகக் கையில் கொடுங்கள். நாப்கின், டயாப்பரைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு புள்ளி வையுங்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, புள்ளி தெரியும்.

கொட்டான்
திங்கள், காலை 11.40

தங்கச்சி, தவறு என்னுடையது. கேட்டிருக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், நேரிலும் சொல்கிறேன்.

முடிச்சு எங்கள் வீட்டிலிருந்தும்தான் போயிருக்கிறது.

நேர்பேச்சு
திங்கள், பகல் 12.20

காவலர் மகள் எழுதியதற்கு எதிராக ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பழைய இரும்பு அண்ணன் வாங்காத பாக்கெட்டைச் செய்தவன் யார்? பாக்கெட்டை விற்ற நிறுவனமே திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதே. எந்த நிறுவனத்தின் வண்டி உங்கள் தெருவுக்கு வந்தது?

நெறியாளர்
திங்கள், பகல் 1.00

ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன். ஊராட்சித் தலைவர் ஒருவரின் பெயரும் அலைபேசி எண்ணும் அதில் இருந்தன. கோபம் இருக்கட்டும், எண் வேண்டாம்.

தீர்த்தக்கரை, இராமேசுவரம்
திங்கள், பிற்பகல் 3.30

யாத்திரிகர்களைப் பற்றி யாரும் இன்னும் திட்டவில்லை என்பதே ஆச்சரியம். நானே தொடங்குகிறேன். அக்னி தீர்த்தத்தில் மூழ்கிவிட்டு, உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பாவம் கழிகிறது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். மற்றவர்களின் பாவம் என் காலில் சுற்றிக்கொள்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நடந்தால் புடவை கணுக்காலைப் பிடித்து இழுக்கும். ஒரு காலத்தில் எல்லாம் பருத்தி, நைந்து போகும். இப்போது விடுவதில் பாதி பாலியஸ்டர். அதுவும் பிளாஸ்டிக் நூல்தானே. இழுத்துப் போட்டால் ஈரத்தோடு ஒரு புடவை ஒரு குடம் கனம் கனக்கிறது.

சொல்லிவிட்டேன். இனி உண்மையையும் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் விடுதிக்குப் பின்புறம் கிடக்கும் சோற்றுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் யாத்திரிகர்கள் போட்டவை அல்ல. நாங்கள் போட்டவை.

கரைவலை
திங்கள், இரவு 8.15

அலைபேசியில் என் மகன் தட்டுகிறான், நான் சொல்கிறேன்.

கரைவலை இழுக்கிறவன் நான். வலை கரை ஏறியதும் மடியைக் கொட்டுவோம். சாளை, காரல், நெத்திலி எல்லாம் வரும். கூடவே கவர், பாக்கெட், கயிறு. சொறியா (ஜெல்லி மீன்), கவரா என்று எங்களுக்கே சில நேரம் தொட்டால்தான் தெரியும். ஆமைக்கு எப்படித் தெரியும்? வாயில் வைத்துத்தான் பார்க்கும்.

மீனைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை என்ன செய்வோம் என்று கேளுங்கள். கடலிலேயே திரும்பத் தள்ளிவிடுவோம். பொய் சொல்ல எனக்கு ஆசை இல்லை. கரையில் போட்டால் எடுக்க ஆள் இல்லை, நாய் இழுத்து ஊருக்குள் கொண்டுவரும். கடலில் தள்ளினால் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த நாள் அதே கவரைத்தான் இழுக்கிறோமோ என்னவோ.

எங்கள் அப்பன் காலத்தில் பருத்தி நூல் வலை. கிழிந்தால் மக்கிப் போகும். இப்போது தங்கூசி வலை, ஒற்றை இழை நைலான். பாறையில் மாட்டிக்கொண்டால் அறுத்து விட்டுவிட்டு வருகிறோம். அது அங்கேயே நின்று ஆள் இல்லாமல் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவையும் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பூங்காவுக்கு வேலி உண்டு, தங்கூசிக்கு வேலி கிடையாது.

பழைய இரும்புக்காரரே, கிழிந்த வலையை நீங்கள் எடுப்பீர்களா?

பழைய_இரும்பு
திங்கள், இரவு 8.50

எடுப்பேன் அண்ணே. நைலான் வலைக்கு ஆள் இருக்கிறது. ஈயமும் மிதவையும் கழற்றியிருக்க வேண்டும், மணலும் சிப்பியும் உதறியிருக்க வேண்டும், உப்புப் போக ஒரு தடவை நல்ல தண்ணீரில் முக்கியிருந்தால் உத்தமம். தங்கூசியைத் தனியாகவும் முறுக்கு நூல் வலையைத் தனியாகவும் கட்டுங்கள். ஒரு ஆள் கொண்டுவந்தால் எனக்குக் கட்டுப்படி ஆகாது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் 61 நாளும் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார்களே, அப்போது நாலைந்து படகுக்காரர் சேர்ந்து ஒரே இடத்தில் குவித்துவிட்டுச் சொல்லுங்கள். வண்டியை நானே அனுப்புகிறேன்.

தூரதேசம், பூர்வீகம் கீழக்கரை
செவ்வாய், அதிகாலை 2.10

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். "அங்கே எல்லாம் சுத்தம்" என்று பாடுவதற்கு அல்ல. இங்கே தண்ணீர் பாட்டில் வாங்கும்போது 25 சென்ட் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்ப வரும். 2003 முதல் இந்த ஏற்பாடு. யாராவது பாட்டிலைத் தெருவில் விட்டாலும் இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒழுக்கம் அல்ல காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்), காசு. பழைய இரும்புக் காக்கா கண்மாய்க் கரையில் பார்த்ததைத்தான் நான் இங்கே பார்க்கிறேன்.

வாடைக்காற்று
செவ்வாய், காலை 7.20

இதற்கு ஜெர்மனி வரை போக வேண்டாம். நீலகிரியில் 2022 முதல் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் கொடுக்கிறார்கள். யானை காலில் கண்ணாடி குத்துகிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்த திட்டம் அது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. அதற்கும் முன்னால், சோடாக் கடையில் பாட்டிலுக்கு முன்பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்த தலைமுறை நாம். பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும் முன்பணம் போயிற்று.

பனங்காட்டு அத்தை, சாயல்குடி பக்கம்
செவ்வாய், காலை 10.00

ஆண்கள் எல்லாரும் பாட்டிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டில் நாறுவது பாட்டில் அல்ல, மீன் கழிவு. ஈரம்தான் எதிரி என்று அந்தத் தம்பி எழுதியிருக்கிறார். ஈரம் எங்கிருந்து வருகிறது? அடுப்படியிலிருந்து. அதை வாசலைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் மிச்சமெல்லாம் காய்ந்த சரக்கு.

நான் செய்வதைச் சொல்கிறேன். தென்னைக்கு மூன்று அடி தள்ளி முழங்கை ஆழத்துக்குக் குழி. அன்றைய கழிவைப் போட்டு, மேலே ஒரு சட்டி அடுப்புச் சாம்பல், அதற்கு மேல் மண். நாய் தோண்டும் என்பார்கள். தோண்டத்தான் செய்யும். அதனால் மேலே கருவேலங்கொப்பை முள் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போடுவேன். இந்த மாவட்டத்தையே பிடித்துக்கொண்ட அந்த மரத்தால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் இது. நாலைந்து குழியை மாற்றி மாற்றி வெட்டினால் முதல் குழிக்குத் திரும்பி வரும்போது முள்ளைத் தவிர ஒன்றும் இருக்காது. இடம் இல்லாதவர்கள் கழிவுக்குச் சம எடை வெல்லமோ கழிவுக் கருப்பட்டியோ சேர்த்து மூடி வைத்தால் மீன் அமிலம். தண்ணீரில் நன்றாகக் கலக்கித்தான் செடிக்கு ஊற்ற வேண்டும், அப்படியே ஊற்றினால் கருகிவிடும்.

ஓலைக்கொட்டானில் மீன் வாங்கிய காலத்தைப் பற்றி யாராவது உருகி எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஓலை வெட்டப் பனை ஏற ஆள் இல்லை, முடைய என் விரலுக்கும் வலு இல்லை. எவர்சில்வர் தூக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கழுவினால் வாடை போய்விடும்.

நேர்பேச்சு
செவ்வாய், பகல் 12.45

சரி அத்தை, ஈரம் குழிக்குப் போயிற்று, விலை உள்ளது கடைக்குப் போயிற்று. யாரும் வாங்காத பாக்கெட்? எரித்தால்தான் என்ன, எல்லாரும் எரிக்கிறார்கள்.

வாடைக்காற்று
செவ்வாய், பகல் 1.30

எரிப்பது மட்டும் வேண்டாம். குப்பையில் பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் என்னும் நஞ்சு வரும். கம்பி உறை, குழாய்த் துண்டு, ரெக்ஸின் எல்லாம் அந்த வகைதான். கண்மாய்க் கரையில் எரித்தால் சாம்பல் கண்மாய்த் தண்ணீரிலேயே இறங்கும்.

அந்தப் பாக்கெட்டுக்கு வழி காட்டியவர் மதுரைக்காரர். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஜல்லியைச் சுமார் 170 பாகை வரை சூடாக்கி, அதன் மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவுகிறார்கள். அது உருகி ஒவ்வொரு கல்லிலும் மெல்லிய தோல் போலப் படிந்துகொள்ளும். பிறகு தார். பாக்கெட் வகையும் இதற்கு ஆகும், பிவிசி மட்டும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக யாரும் வாங்க வரமாட்டார்கள், காய்ந்ததாக, மொத்தமாக, துருவியதாக இருக்க வேண்டும்.

நேர்பேச்சு
செவ்வாய், பகல் 1.50

அதாவது மறுபடியும் ஈரம். விளங்கிவிட்டது. ஆனாலும் பாக்கெட்டை அடிப்பவனை நான் விடப்போவதில்லை.

கொட்டான்
மூன்றாவது ஞாயிறு, மாலை 6.00

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அத்தை சொன்ன குழியை வெட்டினேன். முதல் நாள் முள் போட மறந்துவிட்டேன். விடியற்காலையில் வாசலில் ஒரு பாறை மீன் தலை என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இப்போது மறப்பதில்லை.

வீட்டில் ஐந்து பேர். வாங்குகிறவருக்காக ஒரு சாக்கு, யாரும் வாங்காததற்கு ஒரு சாக்கு என்று வைத்தேன். முதல் சாக்கில் பால் கவரும் நசுக்கிய பாட்டிலும் அட்டையும் முக்கால் பங்கு. பால் கவரின் மூலையை முழுவதுமாக வெட்டி எடுக்காமல் ஒட்டியபடி விட வேண்டும் என்பது எனக்குப் புதுப் பாடம்; அந்த முக்கோணத் துண்டுகள் அடுப்படி ஜன்னல் ஓரத்தில் மட்டும் பதினொன்று கிடைத்தன. இரண்டாவது சாக்கில் கால் பங்கு கூட நிறையவில்லை. ஆறு மாதமாக நான் மாரடித்ததெல்லாம் இந்தக் கால் சாக்குக்குத்தானா என்று இருந்தது.

தெருவில் ஆறு வீடு சேர்ந்திருக்கிறது. மீதி முப்பத்து நாலு வீட்டோடு நான் சண்டை போடப் போவதில்லை. ஆறு வீட்டுச் சரக்கையும் என் வீட்டுத் திண்ணையில் காய்ந்தபடி வைத்திருக்கிறேன். பாக்கெட் சாக்கை மட்டும் வியாழன்தோறும் வண்டியில் ஏற்றுவதாகவும், கொட்டகையில் அதைத் தனி மூலையில் வைப்பதாகவும் தங்கச்சியின் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரிடம் நேரில் போய்ப் பேசினேன். ஒரு தேநீர் கொடுத்தார், அதிகம் திட்டவில்லை.

பழைய இரும்பு அண்ணே, மூன்று சாக்கு சேர்ந்துவிட்டது. எப்போது வருவீர்கள்?

பழைய_இரும்பு
மூன்றாவது ஞாயிறு, மாலை 6.25

வெள்ளி தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல். மூடிகளைத் தனிப் பையில் போட்டு வையுங்கள். மூன்று சாக்குக்கு நான் டீசல் போட்டு வருவது இந்த முறை மட்டும்தான், அடுத்த முறை பத்துச் சாக்காவது இருக்க வேண்டும்.

காவலர் மகள்
மூன்றாவது ஞாயிறு, இரவு 7.40

ஆறு வீட்டிலிருந்தும் முடிச்சு வரவில்லை என்று அம்மா சொன்னார். சிவப்புப் புள்ளியும் வருகிறதாம்.

சுற்றுச்சுவரில் கவர் காய்ந்துகொண்டிருக்குமே, அதை அம்மா ஆறு மாதமாகப் பார்த்திருக்கிறார். உங்கள் வீட்டில் கவர் வியாபாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.